எந்த உடும்பு எனக்கு செட் ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கெக்கோ, பியர்டட் டிராகன் மாதிரி சின்ன பல்லி வகைகளைப் பத்தி எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பெரிய உடும்பு பத்திதான், எது வாங்கலாம் எது அடங்கி இருக்கும் எது கடிக்காதுன்னு. சரி, இந்த தடவை முழுக்க அதையே பேசிடுவோம். நான் மானிட்டர்னும் எழுதுவேன் உடும்புன்னும் எழுதுவேன், ரெண்டும் ஒண்ணுதான். பதினாறு வருஷமா இதுங்களோட வாழ்றேன், அதுல நான் பண்ண தப்பையும் கீழ எழுதியிருக்கேன், தயவுசெஞ்சு அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

கேள்வி: அக்கா, ரெண்டு வருஷமா லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறேன், நல்லா இருக்கு. இப்போ பெரிய மானிட்டர் ஒண்ணு வேணும்னு ஆசை. வாட்டர் மானிட்டர், சவானா, நைல், பிளாக் த்ரோட், இந்த நாலுல எது பெஸ்ட்? மாடி ரூம்ல 6 அடிக்கு 2 அடி கண்ணாடித் தொட்டி வைக்க இடம் இருக்கு.

பதில்: தம்பி, நீங்க கேள்வியோட கடைசி வரியில எழுதினதைத்தான் நான் முதல்ல படிச்சேன். எந்த உடும்புங்கறதை முடிவு பண்றது அந்த இடம்தான், நம்ம ஆசை அதுக்கு அப்புறம்தான்.

ஒரு வேலை பண்ணுங்க. காகித டேப் ஒண்ணு எடுத்து தரையில 6 அடி நீளத்துக்கு ஒட்டுங்க. அது நல்லா வளர்ந்த ஒரு வாட்டர் மானிட்டர், மூக்கு நுனியில இருந்து வால் நுனி வரைக்கும். இப்போ அதைச் சுத்தி உங்க தொட்டியோட அளவுக்கு, 6க்கு 2, இன்னொரு டேப் ஒட்டுங்க. அது எப்படி திரும்பும்னு நின்னு பாருங்க. திரும்பாது தம்பி, வால் மடங்கி மூக்கு கண்ணாடியில உரசி உரசி ரத்தம் வந்து மூக்கு முனையே தேஞ்சு போன உடும்புகளை நான் கையில வாங்கியிருக்கேன், அது கண்ணாடின்னு அதுக்குப் புரியாது, அந்தப் பக்கம் போக வழி இருக்குன்னு நெனச்சு நாள் பூரா முட்டிக்கிட்டே இருக்கும்.

கடையில பாக்குற குஞ்சு ஒரு ஜான், ஒண்ணேகால் ஜான் இருக்கும், கையில வெச்சா விரலை புடிச்சிக்கும், அந்த அழகுல மயங்கிடுறோம். வாட்டர் மானிட்டர் பொரியும்போது ஒரு அடிக்கு கொஞ்சம் முன்ன பின்ன, நல்லா சாப்பாடு குடுத்தா ஒரு வருஷத்துலயே 3 அடியைத் தாண்டும், அதுக்கப்புறம் 5, 6, ஆம்பளைன்னா 7 அடி கூட போகும். இந்த வகையில கண்டியில பதிவான ஒண்ணு 3.21 மீட்டர், அதாவது பத்தரை அடி. உங்க வீட்டுல இருக்கறது அவ்வளவு போகாதுன்னு வெச்சுக்கிட்டாலும் 6 அடிக்கு ரெடியாதான் இருக்கணும். 15, 20 வருஷம் இருக்கும். நீங்க வேலைக்கு போயி கல்யாணம் ஆகி வீடு மாறி, அவ்வளவுக்கும் அது கூட வரணும்.

இப்போ நீங்க கேட்ட நாலு பேரையும் சொல்றேன்.

வாட்டர் மானிட்டர் – நாலுல குணம் நல்லது இதுதான். புத்திசாலி, ஆளை அடையாளம் கண்டுக்கும், பொறுமையா பழகினா கிட்ட வந்து மடியில ஏறும். ஆனா இதுக்கு தேவை கூண்டு இல்ல, ஒரு ரூம். 12 அடிக்கு 6 அடி, உயரமும் 6 அடி, அதுவே ஆரம்பம்தான், அதுக்குள்ள அது முழுசா முங்குற மாதிரி தண்ணித் தொட்டி, அதுல போயிதான் கக்கா போகும், தினமும் இல்லாட்டி ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாத்தணும், அதனால தரையிலேயே டிரெயின் வேணும். 400 லிட்டர் தண்ணின்னா 400 கிலோ எடை, மாடின்னு எழுதியிருக்கீங்க, யோசிச்சுக்கோங்க. வாளியில மொண்டு ஊத்திக்கலாம்னு ஆரம்பிச்சவங்க யாரும் மூணு மாசத்துக்கு மேல தாக்குப் பிடிச்சு நான் பாத்ததில்ல.

நைல் – வேண்டாம். பாக்க கருப்பும் மஞ்சளுமா அவ்வளவு அழகு, ஆனா பெரும்பாலானது வாழ்நாள் பூரா மனுஷனை நம்பாது, நீங்க கதவைத் தெறக்கும்போதெல்லாம் சாவு வந்துடுச்சுன்னு நெனச்சு ஓடும், வாலால அடிக்கும், கடிக்கும். அதுக்கும் நிம்மதி இல்ல உங்களுக்கும் இல்ல. அடங்கின நைலும் உண்டு, ஆனா அது விதிவிலக்கு, அதை நம்பி வாங்கக்கூடாது.

பிளாக் த்ரோட் – இது ஆப்பிரிக்காவோட ஒயிட் த்ரோட் மானிட்டர்லயே ஒரு வகை, தான்சானியா பக்கம். 5ல இருந்து 6 அடி, உடம்பு கனம், நடை ஒரு மாதிரி கம்பீரமா இருக்கும். தண்ணித் தொட்டி தலைவலி குறைவு, குணமும் நல்லது. இடம் மட்டும் வாட்டர் மானிட்டர் அளவுக்குத்தான் கேக்கும், ஆழமா மண்ணும் வேணும். பெருசுல ஒண்ணு எடுத்தே ஆகணும்னு ஒருத்தர் ரூமும் கட்டிட்டு வந்து கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

சவானா – இதைப் பத்தி அடுத்த கேள்வியில தனியா சொல்றேன், அதுக்கு அவ்வளவு இருக்கு.

உங்ககிட்ட இருக்குற இடத்துக்கு இந்த நாலுமே வராது. ஆனா ஆக்கின்னு ஒரு ஆஸ்திரேலிய மானிட்டர் இருக்கு, முள் வால், ரெண்டு அடி, ரெண்டேகால் அடிதான் வளரும். பெரிய உடும்போட மூளை, அதே நாக்கு, அதே தோண்டுற வெறி, எல்லாம் சின்ன உடம்புல. ஆஸ்திரேலியா ஊர்வனங்களை வியாபாரத்துக்கு ஏற்றுமதி பண்றதை எப்பவோ நிறுத்திடுச்சு, அதனால சந்தையில நேர்மையா வர்ற ஆக்கி பெரும்பாலும் கூண்டுலயே பொரிஞ்சதுதான், காட்டுல புடிச்சது இல்ல. உங்க தொட்டியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி ஒரு அடி ஆழத்துக்கு மண் போட்டு ஆக்கியோட ரெண்டு மூணு வருஷம் இருங்க. பெருசு வேணும்ங்கற ஆசை அப்பவும் இருந்தா அதுக்குள்ள ரூமும் இருக்கும் உங்களுக்கு கையும் பழகியிருக்கும்.

கேள்வி: மூணு வயசு சவானா மானிட்டர் வெச்சிருக்கேன். ஆரம்பத்துல வளர்க்கறவங்களுக்கு ஏத்தது, ரொம்ப சாதுன்னு சொல்லி குடுத்தாங்க. நெஜமாவே சாதுதான், நாள் பூரா லைட்டுக்கு கீழயே படுத்திருப்பான். வாரம் ரெண்டு எலி குடுக்கறேன். நல்லா புஷ்டியா இருக்கான். ஆனா விரல் நுனியெல்லாம் கருப்பா காஞ்சு போயிருக்கு, ஏன்?

பதில்: உங்க கேள்வியைப் படிச்சப்போ எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு, ஏன்னா இதே வரிகளை பதினஞ்சு வருஷம் முன்னாடி நானே இன்னொருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன், ரொம்ப சாது, நாள் பூரா படுத்திருக்கும், புஷ்டியா இருக்கும்னு.

என் முதல் உடும்பு சவானாதான். குடுத்தவர் வாரம் ரெண்டு எலி போதும்னார், அப்படியே செஞ்சேன். வயிறு ரெண்டு பக்கமும் தரையில பரவி கெடக்கும், தூக்கினா மாவு மூட்டை மாதிரி இருக்கும், எனக்கு அது ஆரோக்கியம்னு பட்டுச்சு. நாலாவது வருஷம் ஒரு காலையில கண்ணைத் தெறக்கல. வெட் டாக்டர் ஏன்னு தெரிஞ்சுக்கணுமான்னு கேட்டுட்டு வயித்தைத் தெறந்து காட்டினார். உள்ள ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைக் கொழுப்புத் திட்டு, கல்லீரல் இருக்க வேண்டிய கருஞ்சிவப்பே இல்ல, வெளிர் மஞ்சளா இருந்துச்சு, அவர் விரல் வெச்சு அழுத்தினதும் வெண்ணெய் மாதிரி பள்ளம் விழுந்துச்சு. அது சாது இல்ல, எழுந்து நடக்க முடியாம கெடந்திருக்கு, நான் அதைப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கேன். அதுக்கு அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன்.

டேனியல் பென்னட்னு ஒரு ஆய்வாளர் கானாவுல காட்டுல இருக்குற சவானாக்களை பின்தொடர்ந்து அதுங்க என்ன தின்னுதுன்னு பாத்திருக்கார். சிள்வண்டு, மரவட்டை, வண்டு, தேள், நத்தை. கிட்டத்தட்ட எல்லாமே பூச்சி, நத்தை மாதிரி முதுகெலும்பு இல்லாத ஜீவன்தான். குஞ்சுங்க பெரிய சிள்வண்டு தோண்டின வளையிலேயே குடியிருக்கும், வீட்டுக்காரனை தின்னுட்டு வீட்டை எடுத்துக்கற மாதிரி. அப்படிப்பட்ட ஒரு ஜீவனுக்கு நாம வாரம் ரெண்டு கொழுத்த எலி குடுக்கறோம், நடக்க இடமும் இல்ல, சூடும் பத்தல, செரிக்கிறதுக்கே வழி இல்லாம எல்லாம் கொழுப்பா சேருது.

இது சோம்பேறி ஜீவன்னு நெனைக்காதீங்க. மத்த பல்லிங்க ஓடும்போது உடம்பு வளைஞ்சு வளைஞ்சு போறதால சரியா மூச்சு விட முடியாது, ஆனா உடும்பு தொண்டையை பம்ப் மாதிரி வெச்சு காத்தை நுரையீரலுக்குள்ள தள்ளும், ஓடிக்கிட்டே மூச்சு விடும். 1999ல சயின்ஸ் இதழ்ல வந்த அந்த ஆய்வையே சவானாவை டிரெட்மில்ல நடக்க விட்டுத்தான் பண்ணாங்க. அப்படி நடக்கப் பொறந்தது ஒரு பல்புக்கு கீழ மூணு வருஷமா படுத்திருக்கு.

நீங்க இப்போ என்ன பண்ணணும்னு சொல்றேன். முதல்ல எலியை நிறுத்துங்க. டூபியா கரப்பான் (தீனிக்குன்னே வளர்க்கற ஒரு வகை), சிள்வண்டு, வெட்டுக்கிளி, மண்புழு, மருந்து படாத நத்தை, இதெல்லாம் கால்சியம் பவுடர்ல பொரட்டி குடுங்க, தட்டுல வெக்காதீங்க, மண்ணுல விடுங்க, தேடிப் புடிக்கட்டும். பட்டினி போட்டு இளைக்க வெக்காதீங்க, கொழுத்த உடம்புல திடீர்னு சாப்பாடு நின்னா கல்லீரல் இன்னும் கெட்டுப்போகும், ஊர்வன பாக்குற வெட் டாக்டரை ஒரு தடவை பாத்து ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு மெதுவா கொறைங்க.

அடுத்து சூடு. டெம்பரேச்சர் கன்னை எடுத்து அது படுக்குற இடத்தை அடிச்சு பாருங்க, 35, 38 காட்டும்னு நெனைக்கிறேன். அந்தப் பரப்பு 55 டிகிரி செல்சியசுக்கு மேல, 60 வரைக்கும் இருக்கணும். பயப்படாதீங்க, அது அங்கேயே குடியிருக்காது, காஞ்சிட்டு எறங்கிப் போயிடும், ஆனா எறங்கிப் போறதுக்கு 26, 28 டிகிரி இருக்குற குளிர்ச்சியான பக்கமும் வேணும். ஒரே ஒரு பெரிய வாட் பல்பை மாட்டாதீங்க, அது முதுகுல ஒரு ரூபா அளவு இடத்தை மட்டும் சுட்டு புண்ணாக்கும். கம்மி வாட் ஹாலஜன் ஃப்ளட் பல்பு மூணு நாலை பக்கத்துல பக்கத்துல மாட்டினா மூக்குல இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஒரே சீரா சூடு கிடைக்கும். கூடவே யூவிபி டியூப், அதாவது வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரைக் குடுக்கற லைட்.

விரல் கருப்பானதுக்கு காரணம் காத்துல ஈரம் இல்லாததுதான். தோல் உரியும்போது விரல் நுனியில பழைய தோல் மோதிரம் மாதிரி மாட்டிக்கும், அடுத்த தடவை அதுக்கு மேல இன்னொண்ணு, ரத்த ஓட்டம் நின்னு விரலே விழுந்துடும். வால் நுனியும் அப்படித்தான் போகும், உடும்புக்கு சின்ன பல்லி மாதிரி வால் திரும்ப வளராது. இப்போதைக்கு வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் விட்டு எடுங்க, இழுத்துப் பிய்க்காதீங்க. நிரந்தர தீர்வு மண்ணு. ரெண்டு அடி ஆழம், மண்ணும் மணலும் கலந்து, கையில புடிச்சா உருண்டை நிக்கிற அளவு ஈரம்.

கணக்கு போட்டு பாருங்க, 8 அடிக்கு 4 அடி கூண்டுல ரெண்டு அடி மண்ணுன்னா 64 கன அடி, எடை ரெண்டரை டன்னுக்கு மேல வரும். கீழ்த்தளத்துல காங்கிரீட் தரையில தவிர வேற எங்கயும் வெக்க முடியாது. ஆரம்பத்துல வளர்க்கறவங்களுக்கு ஏத்ததுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை சொல்றதே இல்ல, குஞ்சு விலை குறைவுங்கறது மட்டும்தான் அந்தப் பேருக்கு காரணம், ஆப்பிரிக்காவுல இருந்து ஆயிரக்கணக்குல வந்து எறங்குது.

ரெண்டாவது சவானா எனக்கு ஒருத்தர் வளர்க்க முடியாம குடுத்தது, அதுவும் குண்டு, அதுக்கும் நாலு விரல் கருப்பு. மண்ணு போட்டு விட்ட முதல் ரெண்டு நாள் மூலையில அசையாம கெடந்துச்சு, நான் தப்பு பண்ணிட்டேனோன்னு நெனச்சேன். மூணாவது நாள் சாயங்காலம் சரக் சரக்னு சத்தம், போய் பாத்தா முன்னங்கால் ரெண்டாலயும் தோண்டுறான், மண்ணு பின்னால பறக்குது, கொஞ்ச நேரத்துல வால் நுனி மட்டும் வெளிய, அப்புறம் அதுவும் இல்ல. மறுநாள் லைட் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குழி வாசல்ல மூக்கு மட்டும் தெரிஞ்சுது, கண் இமையில மண்ணு ஒட்டியிருந்துச்சு. ஒன்பது வாரத்துல விரல்ல இருந்த பழைய தோல் தன்னால கழண்டுச்சு. ஒரு விரல் போயிடுச்சு, மூணு தப்பிச்சது. அவன் இன்னும் என்கிட்டதான் இருக்கான். இப்போ சாதுவே இல்ல, கதவைத் தெறந்தா கரப்பான் டப்பாவைத் தேடி ஓடி வர்றான்.

கேள்வி: குரோக்கடைல் மானிட்டர் வளர்க்கலாமா மேடம்? மரத்துல ஏறுற வீடியோ பாத்ததுல இருந்து மனசு அதுலயே இருக்கு.

பதில்: வேண்டாம்ங்க. நியூ கினியா காட்டோட மர உச்சியில வாழ்றது, 7, 8 அடி நீளத்துல மூணுல ரெண்டு பங்கு வால். பல்லு நீளமா கத்தி மாதிரி இருக்கும், மின்னல் வேகம், முகத்து உயரத்துல இருந்து பாயும். பல வருஷம் பெரிய மானிட்டரோட பழகினவங்களே ரெண்டு பேரா நின்னு கூண்டுக்குள்ள போறாங்க. நல்ல மிருகக்காட்சி சாலையில போய் ஆசை தீர பாருங்க, நானும் அப்படித்தான் பாக்குறேன்.

கேள்வி: வீட்டுல நாலு வயசு பையன் இருக்கான், நான் இப்போ முழுகாம இருக்கேன். கணவர் வாட்டர் மானிட்டர் குஞ்சு வாங்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். கடிச்சா விஷமா? வேற என்ன ஆபத்து?

பதில்: அம்மா, உங்களுக்கு நேரா சொல்லிடறேன், இப்போ வேண்டாம். கணவர்கிட்ட இந்தப் பக்கத்தையே காட்டுங்க.

விஷம்னு கேட்டீங்க. 2006ல பிரையன் ஃப்ரைங்கற விஞ்ஞானியோட குழு உடும்புங்களுக்கும் கீழ் தாடையில விஷச்சுரப்பி இருக்குன்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க, அது இரையைக் கொல்றதுக்கு எவ்வளவு உதவுதுன்னு விஞ்ஞானிகளுக்குள்ளயே இன்னும் விவாதம் நடக்குது. கடிச்சா மனுஷன் செத்துப்போற சமாச்சாரம் இல்ல. ஆனா பல்லு உள்நோக்கி வளைஞ்சது, கடிச்சா விடாது, பின்னால இழுத்து ஆட்டும், ரத்தம் சீக்கிரம் நிக்காது, தசைநார் வரைக்கும் கிழியும். உடும்பு வேண்டாம் கையை விட்டா போதும்னு சும்மா சொல்லி வெக்கல. பெரியவங்க கைக்கே இந்த நிலைமைன்னா நாலு வயசு பையனோட விரல் அதுக்கு இரைக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுலதான் இருக்கும்.

அதைவிட எனக்கு பெரிய கவலை சால்மொனெல்லா. நல்லா இருக்குற ஊர்வனங்க குடல்லயே அந்தக் கிருமி இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, அது தொட்ட தண்ணி, தரை, துணி வழியா நமக்கு வரும். அஞ்சு வயசுக்கு கீழ குழந்தைங்க, கர்ப்பிணிங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி கம்மியானவங்க, இவங்களுக்குத்தான் அது மோசமா அடிக்கும். உங்க வீட்டுல இதுல ரெண்டு பேர் இருக்கீங்க, மூணாவது ஆள் வந்துக்கிட்டிருக்கு. தண்ணியிலயே கக்கா போற ஜீவன், அந்தத் தொட்டியை தினமும் யாராவது கழுவணும். சின்னவங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போற வயசு வரட்டும், பூட்டு போட்ட தனி ரூமும் தனி சிங்க்கும் இருக்கட்டும், அப்போ எனக்கு திரும்ப எழுதுங்க, நானே எப்படின்னு சொல்லித் தர்றேன்.

கேள்வி: தினமும் கையில எடுத்தா பழகிடும்னு சொன்னாங்க. எட்டு மாச வாட்டர் மானிட்டர், எடுக்கும்போதெல்லாம் சீறுது, மேலயே கக்கா போயிடுது. என்ன தப்பு பண்றேன்?

பதில்: எடுக்கறதுதான் தப்பு. அந்த வயசுல பறவை, பாம்பு, பெரிய உடும்பு எல்லாத்துக்கும் அது இரை. மேல இருந்து ஒரு கை எறங்கி வந்து தூக்கினா தன்னை திங்கப் போறாங்கன்னுதான் அதுக்கு தோணும். தினமும் எடுத்தா ஒரு கட்டத்துல சீறுறதை நிறுத்தலாம், அது பழகினது இல்ல, நம்பிக்கை இழந்து அடங்கிப் போனது, ரெண்டையும் கண்ணைப் பாத்தா பிரிச்சு சொல்லிடலாம், பயந்தது மூச்சை இழுத்து உடம்பை தட்டையாக்கி கண்ணை மூடிக்கும்.

நீங்க போட்டு கழட்டின பழைய டீ ஷர்ட்டை அது தூங்குற இடத்துல போடுங்க. தினமும் ஒரே நேரத்துக்கு கூண்டுக்கிட்ட போய் உக்காருங்க, புஸ்தகம் படிங்க, அதைப் பாக்காதீங்க. அதோட நாக்கைக் கவனிங்க. உடும்பு உலகத்தை நாக்காலதான் படிக்குது, பாம்பு மாதிரி ரெண்டா பிளந்த நாக்கு, வெளிய நீட்டி வாசனையை எடுத்து வாய் மேல்பக்கத்துல இருக்குற உறுப்புல வெச்சுப் பாக்கும். நாக்கு வந்தா ஆர்வம் இருக்கு, நாக்கே வராம தொண்டை மட்டும் உப்பிக்கிட்டே இருந்து வால் வில்லு மாதிரி வளைஞ்சா அன்னைக்கு எழுந்து போயிடுங்க. சாப்பாடு கையில வெச்சு நீட்டாதீங்க, நீளமான இடுக்கி வெச்சு மட்டும் குடுங்க, கைன்னா சாப்பாடு இல்லன்னு அதுக்கு தெளிவா தெரியணும்.

என்கிட்ட இருக்குற வாட்டர் மானிட்டர் பொண்ணு ஏழு மாசம் எடுத்துக்கிட்டா. கதவைத் தெறந்து வெச்சுட்டு தரையில கையை உள்ளங்கை மேல பாக்க வெச்சு உக்காருவேன், தினம் முக்கால் மணி நேரம். ஒருநாள் மணிக்கட்டுல ஜில்லுன்னு ஏதோ பட்டுச்சு, அவ நாக்கு. நான் அசையல. ரெண்டு தடவை மூணு தடவை தொட்டுப் பாத்துட்டு முன்னங்காலை என் கையில வெச்சா, நகம் லேசா குத்துச்சு, எடுக்காம அப்படியே வெச்சுக்கிட்டு என்னைத் தாண்டி ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் தூக்கி வளர்த்திருந்தா அந்த நாள் எனக்கு கிடைச்சிருக்காது.

கேள்வி: ஒரே கூண்டுல ஜோடியா வெக்கலாமா? ஆண் பெண் எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: ஒண்ணே போதும். குஞ்சுல ஆணா பெண்ணான்னு பாத்து சொல்றது ரொம்ப கஷ்டம், ஜோடின்னு குடுக்கறது ரெண்டும் ஆணா இருந்து ஒண்ணை ஒண்ணு கிழிச்சுக்கிட்ட கதை நெறைய. ஒண்ணு மட்டும் வெச்சிருக்குறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியது, பெண்ணா இருந்தா ஆணே இல்லாம முட்டை போடும். ஈரமான ஆழமான மண்ணு இல்லன்னா போடாம அடக்கி வெச்சுக்கும், முட்டை உள்ளயே கட்டிக்கிட்டு உயிரே போயிடும். அதனாலயும்தான் மண்ணு மண்ணுன்னு அடிச்சுக்கறேன். கொமோடோ டிராகன்ல இன்னும் ஒரு படி மேல, 2006ல இங்கிலாந்து மிருகக்காட்சி சாலைகள்ல ஆணோட சேராத பெண் போட்ட முட்டைங்க கருக்கட்டியே இருந்துச்சு.

கேள்வி: வெளிநாட்டு வகை எதுக்கு, இயற்கையா இருக்குற நம்ம உடும்பையே புடிச்சு வளர்த்தா என்ன?

பதில்: கூடவே கூடாது. நம்ம ஊர்ல பாக்குற வங்காள உடும்பு சைட்டிஸ்ங்கற சர்வதேச வனஉயிர் வியாபார ஒப்பந்தத்துல முதல் பட்டியல்ல இருக்கு, கொமோடோவும் இன்னும் சில வகைகளும் அதே பட்டியல்தான், மத்த மானிட்டரெல்லாம் ரெண்டாவது பட்டியல். அது வாழ்ற இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புடிச்சாலோ வெச்சிருந்தாலோ ஜெயில். சட்டத்தை விடுங்க, காடும் வயலும் சுத்தின பெரிய உடும்பை கூண்டுல போட்டா சாப்பாட்டைத் தொடாம கம்பியில மூக்கை இடிச்சே செத்துப்போகும். வெளிநாட்டு வகைன்னாலும் உங்க நாட்டுல, உங்க மாகாணத்துல எதுக்கு லைசென்ஸ் வேணும், எது தடைன்னு பாத்துட்டு, கூண்டுலயே பொரிஞ்சதுங்கறதுக்கு பேப்பர் கையில வாங்கிட்டு அப்புறம் பேசுங்க.

கேள்வி: அக்கா, ஆறு வயசு வாட்டர் மானிட்டர், அஞ்சரை அடி. வேலை மாறி வேற ஊருக்கு சின்ன வீட்டுக்குப் போறேன், கூட்டிக்கிட்டுப் போக முடியாது. ரெண்டு மாசமா தூக்கம் இல்ல. பக்கத்துல பெரிய ஏரி இருக்கு, அங்க விட்டா பொழச்சுக்குவான்னு ஃப்ரெண்டு சொல்றான். விடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. பொழச்சுக்கிட்டாலும் தப்பு, பொழைக்காட்டியும் தப்பு. அமெரிக்காவோட ஃப்ளோரிடா மாநிலத்துல கேப் கோரல்ங்கற ஊர்ல 1990 வாக்குல யாரோ விட்ட நைல் மானிட்டருங்க அங்க இருக்குற கால்வாய் பூரா பெருகிப் போச்சு, தரையில வளை தோண்டி வாழ்ற ஆந்தைங்க அங்க இருக்கு, அதோட முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்தாயிடுச்சு, கடைசியில 2021ல அந்த மாநிலம் நைலை வளர்க்கவே தடை போட்டுச்சு. அது ஒரு பக்கம். உங்க பையனை நெனச்சுப் பாருங்க, ஆறு வருஷமா மனுஷனைப் பாத்தா சாப்பாடு வரும்னு பழகினவன், ஏரிக்கரையில முதல்ல வர்ற ஆளை நோக்கித்தான் ஓடுவான், அந்த ஆள் கையில கம்பு இருக்கும்.

ரெண்டு மாசமா தூக்கம் இல்லன்னு எழுதியிருக்கீங்க, அதுலயே தெரியுது நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஊர்வன மீட்பு மையம், ஊர்வன பாக்குற வெட் டாக்டருங்க, பெரிய மானிட்டர் ஏற்கெனவே வெச்சிருக்குறவங்க, இந்த வரிசையில கேட்டுப் பாருங்க. பெரிய உடும்புக்கு இடம் கிடைக்க மாசக்கணக்குல ஆகும், அதனால இன்னைக்கே ஆரம்பிங்க, வீடு மாறுற தேதிக்கு காத்திருக்காதீங்க. இலவசமா குடுக்கறேன்னு எல்லாருக்கும் போடாதீங்க, தோலுக்கும் கறிக்கும் தேடுறவங்களும் அதைப் படிப்பாங்க. வாங்க வர்றவங்க கூண்டை நீங்க நேர்ல போய் பாருங்க, டெம்பரேச்சர் கன்னை பையில போட்டுக்கிட்டுப் போங்க, தண்ணியில கையை விட்டுப் பாருங்க, ரூம் கட்டிக்கிட்டிருக்கேன்னு சொல்றவங்களுக்கு கட்டி முடிச்சப்புறம்தான் குடுக்கணும்.

ஒரு நோட்டுல எழுதி வையுங்க, என்ன சாப்பிடுவான், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எந்த டிகிரியில காய்வான், எப்போ கோவம் வரும், எந்தப் பக்கமா போனா பயப்படுவான், எல்லாம். அவன் தூங்குற மரக்கட்டை இருந்தா அதைக் கழுவாம கூடவே அனுப்புங்க, உங்க டீ ஷர்ட் ஒண்ணும் அதுல சுத்தி வையுங்க. புது இடத்துல முதல் ராத்திரி நாக்கை நீட்டும்போது தெரிஞ்ச வாசனை ஒண்ணாவது அவனுக்கு அங்க இருக்கட்டும்.